பழுப்பு விளிம்பு

உத்தமன் பால் காய்ச்சினான். ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு முகத்தில் நுரை தடவிச் சவரம் செய்துகொண்டான். மனைவியின் கருமாதி முடியாமல் கத்தி படக் கூடாது. ஓசூரிலிருந்து வந்திருந்த மைத்துனர் தனக்கோடி கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பதினோரு மணிக்கு ஐயர் வந்துடுவாரு மாப்ள. இன்னிக்காச்சும் வீட்ல இருங்க."

"லேபுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"செத்தவளுக்கு என்னாத்துக்கு டெஸ்டு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

ருக்மிணிக்கு முதலில் டிபி என்றார்கள். மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாள். நெஞ்சிலிருந்த கட்டி வளர்ந்தது. சதையை எடுத்துப் பார்த்தவர்கள் ஹாட்ஜ்கின் புற்றுநோய் என்றார்கள். அதற்கான மருந்துக்கும் கட்டி அசையவில்லை. செல்லின் மேலிருக்கும் புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தால்தான் எந்த வகை என்று தெரியும் என்று கடைசியாக ஒரு டாக்டர் சொன்னார். லேபுக்கு லேப் சதையைச் சுமப்பது நோயாளியின் வீட்டார் வேலை. அது புதைந்திருந்த மெழுகுக் கட்டி வெயிலில் இளகிவிடாமல் ஈரக் கைக்குட்டையில் சுற்றி, அடுகோடி ஸ்டாப்பில் பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தான். முடிவு வருவதற்குள் அவள் போய்விட்டாள். மேற்கொண்டு செய்யவா என்று லேபில் தயங்கிக் கேட்டார்கள். செய்யச் சொன்னான்.

இன்று லேபில் டாக்டர் சாந்தகுமாரி, இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ராஸ்கோப்பின் எதிர்ப்பக்கம் அவனை உட்காரவைத்தார். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் சாயம் ஏறிய பழுப்பு விளிம்பு. சிடி இருபது என்ற புரதம், பி-செல் என்னும் வெள்ளணுவின் அடையாளம் என்றார். அடுத்த ஸ்லைடு சிடி பதினைந்து. ஹாட்ஜ்கின் என்றால் பெரும்பாலும் பழுப்பாக வேண்டிய இடம் வெறும் நீலமாகக் கிடந்தது. ஹாட்ஜ்கினில் அழுத்தமாக ஏற வேண்டிய சிடி முப்பதும் லேசாகத்தான் ஏறியிருந்தது.

"ஹாட்ஜ்கின் இல்லப்பா. ப்ரைமரி மீடியாஸ்டைனல் பி-செல் லிம்ஃபோமா. நெஞ்சுக்குள்ள வர்ற வேற வகைப் புற்றுநோய். அபூர்வம். சின்ன வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் ஜாஸ்தி வரும்."

முன்பே தெரிந்திருந்தால் என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவன், பழைய ஆஸ்பத்திரிக்கும் ரிப்போர்ட்டின் ஒரு நகல் போக வேண்டும், அங்கே ஹாட்ஜ்கின் என்று எழுதிவைத்திருப்பதை அடிக்க வேண்டும் என்றான். அவர் தலையாட்டினார்.

வீட்டில் ஐயர் காத்திருந்தார். முருகா முருகா என்றபடியே தங்கச்சி கண்ணை மூடினாள் என்று தனக்கோடி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். உத்தமன் நேரே மாலை போட்ட படத்தின் முன் போய் நின்று, நோயின் முழுப் பெயரையும் உரக்கச் சொன்னான். இன்னொரு முறையும் சொன்னான்.

"என்ன மாப்ள இது, எல்லாரும் பாக்கறாங்க."

"அவ முருகான்னு சொல்லல," என்றான். "ஊசி போட்டுட்டு நர்ஸ் போனப்புறம் என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா. 'ரிசல்ட் வந்துச்சுன்னா, நான் தூங்கிட்டிருந்தாலும் எழுப்பிச் சொல்லுங்க.'"