வைத்தியச்சி எத்தனையில் செத்தாள்?

முத்திரை ஆய்வாளர் என்றால் கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதிக்கிறவர். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் கடைக்காரர் முகத்தில் ஈயாடாது. நம்மவருக்கு அந்த வேலையாலேயே 'தராசு' என்று பேர் விழுந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். அவருக்கு அது உள்ளூரப் பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் நேரிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஒரு ராஜ்ஜியமாகிவிடும். கதையாட்டம். தராசு கதை சொல்வார். மனைவியும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். பூதம் ஓங்கிய அடி பட்டதா, தவறியதா என்ற இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும். எண் பெரிதானால் அடியும் பெரிது. எதிரிகளின் பகடையைத் தராசு மட்டும் ஒரு மறைப்புக்குப் பின்னால் உருட்டி, விழுந்ததை வாசிப்பார். மறைப்பு என்பது டேப் போட்டு ஒட்டிய மூன்று ஃபைல் அட்டை. அதில், 'பகடைக்கு உறவுமுறை கிடையாது' என்ற வாசகம் லேமினேட் செய்து ஒட்டப்பட்டிருந்தது. அவரே இயற்றியது.

அன்று பாலத்தின் மேல் நின்றது தளபதி. தளபதி என்றால் மனைவியின் தம்பி. வார நாட்களில் பல் டாக்டர். எதிரே பூதம். தராசு உருட்டினார், பார்த்தார், ஒரு கணம் மூச்சை நிறுத்தினார்.

"அஞ்சு. பூதம் குறி தவறிடுச்சு. தப்பிச்ச மச்சான்."

பல் டாக்டர் மார்பைத் தட்டிக்கொண்டான். "பாத்தியாக்கா? தளபதின்னா சும்மாவா?"

அந்த நேரம் பார்த்து மருந்தம்மா ஃபேன் வேகத்தைக் கூட்ட எழுந்து போனார். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு மருந்துக்கடை நடத்துகிறவர். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துவிடுகிற கண். ரெகுலேட்டர் தராசின் தலைக்குப் பின்னால் இருந்தது.

"தராசு சார், இருபதுல்ல விழுந்திருக்கு?"

"எங்க?" என்றார் தராசு.

சொன்ன பிறகுதான் அந்த 'எங்க' எங்கே கேட்டது என்று அவருக்கு உறைத்தது. தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை அவர் எடுத்துக் காட்டும்போது கடைக்காரர்கள் சொல்கிற அதே 'எங்க'.

"அப்ப நான் செத்துட்டேனா?" என்றான் பல் டாக்டர்.

"சாகல."

"இருபதுன்னா சாவுதானே மாமா?"

"சாவுதான். ஆனா நான் அஞ்சுன்னு சொல்லிட்டேன்ல."

காப்பாற்றியதற்கு ஒரு நன்றி வரும் என்று தராசு நினைத்தார். பல் டாக்டரின் மூக்குதான் சிவந்தது. "எனக்குப் பிச்ச போட்டீங்களா?"

"ஒன் குதிர செத்ததுக்கே மூணு வாரம் மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்ச. ஃபோன எடுக்கல. நீயே செத்தா எத்தன மாசம் வராம இருப்பியோன்னு..."

"குதிர வேற மாமா!"

மருந்தம்மா இன்னும் ரெகுலேட்டர் பக்கத்திலேயே நின்றார். "அது கெடக்கட்டும். நான் கோட்டையில ஏறினப்ப காவக்காரன் விட்ட அஞ்சு அம்பும் தவறிச்சே, அது?"

தராசு யோசித்தார். வேண்டுமென்று மறைக்கவில்லை, நிஜமாகவே நினைவில்லை. "ரெண்டு நிஜம். மத்த மூணும்... நிஜமா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

கால் மணி நேரத்துக்குள் ராஜ்ஜியத்தின் சரித்திரம் சந்தி சிரித்தது. ஜெயித்ததெல்லாம் சொந்தத் திறமை, தோற்றதெல்லாம் தராசின் கைவேலை என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அதுவரை வாயே திறக்காமல் இருந்த மனைவி அப்போதுதான் நிமிர்ந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அதிகம் பேசாத வேலை.

"ஏங்க, என் வைத்தியச்சி?"

தராசுக்கு மற்றதெல்லாம் மறந்திருந்தாலும் அந்த ஒன்று மறக்கவில்லை.

பதினாலு மாதத்துக்கு முன்பு வரை அவள் வைத்தியச்சியாக ஆடினாள். எந்த மூலிகை எந்தப் பையில் என்பது வரை இரண்டு பக்கம் நெருக்கி எழுதி வைத்திருந்தாள். "அக்காவ மட்டும் ஒரு கொசுகூடக் கடிக்காது, என்ன மாயம் மாமா?" என்று தம்பி இரண்டு வாரமாகக் குத்திக்கொண்டிருந்தான். மூன்றாம் வாரம் கிணற்றடியில் ஒரு சிலந்தி வந்தது. பகடையில் நாலு. மறைப்புக்கு மேலே தம்பியின் இளிப்பு. தராசு, "பதினெட்டு" என்றார்.

வைத்தியச்சி செத்தாள். மனைவி அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, "பகடைதானே, என்ன பண்றது" என்று எழுந்து போனாள். சமையலறையில் வெகுநேரம் குழாய் ஓடியது. சாயங்காலம் தன் அம்மாவிடம் ஃபோனில், "பொண்டாட்டின்னுகூடப் பாக்கலம்மா, அவ்வளவு நேர்ம இவருக்கு" என்று சொன்னது தராசின் காதில் விழுந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் அவர் பதினாலு மாதமாக வாடகையில்லாமல் குடியிருந்தார்.

இப்போது என்ன சொல்வது? பகடைதான் என்று சொன்னால், தம்பிக்காக இருபதை அஞ்சாக்கியவர், பெண்டாட்டிக்கு விழுந்த பதினெட்டை மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார் என்றாகும். இல்லை என்று சொன்னால் கையாலேயே கொன்றார் என்றாகும். இரண்டு தட்டும் சமமாக நின்றன. வேலையில் இப்படி நின்றால் முத்திரை குத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

"நாலு," என்றார்.

"என்ன நாலு?"

"அன்னைக்கு நாலுதான் விழுந்துச்சு. பதினெட்டுன்னு சொன்னேன்."

மருந்தம்மா ஃபேனை அணைத்தேவிட்டார்.

"எதுக்கு?" மனைவியின் குரல் மாறவில்லை. மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க என்று சொல்கிற அதே குரல்.

"சலுக காட்டறேன்னு பேரு வந்துடக் கூடாதுன்னு..."

"யாருகிட்ட?"

தராசு சுற்றிப் பார்த்தார். அவர் அஞ்சி நடுங்கிய உலகம் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் ரெகுலேட்டரில் கை வைத்திருந்தார். இன்னொருவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"அப்படின்னா அவ சாகல," என்றாள் மனைவி.

"எப்படிக்கா?" தம்பி பதறினான். "நான்தானே பொதச்சேன்? ஒன் மூலிகப் பையி எங்கிட்டதான் இருக்கு."

"திருப்பிக் குடு."

"ஏம்மா, வைத்தியச்சிக்குச் செல வேற வச்சுட்டோமே," என்றார் மருந்தம்மா. "அந்தச் செலையப் பாத்து மனசு எளகித்தானே ராஜா சண்டைய நிறுத்தினான்? உயிரோட இருக்கறவளுக்குச் செலன்னா மறுபடி சண்ட வருமே."

"சரி, அக்கா சாகலன்னா நான் செத்துட்டேன். ஆளுக்கொரு சட்டமா?"

"யாருமே சாகலடா," என்றார் தராசு.

"அப்பறம் எதுக்கு மாமா பகடை?"

தராசு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். சொற்பொழிவு என்றால் நின்றுதான் பேசுவார். "பகடைங்கறது ஒரு ஆலோசகர் மாதிரி. கேட்டுக்கலாம், ஆனா..."

"லேமினேட் பண்ணும்போது இது தெரியலையா சார்?" என்றார் மருந்தம்மா.

எழுந்ததுதான் தப்பாகப் போயிற்று. மனைவி சுற்றி வந்து அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அதே கெணறு, அதே சிலந்தி. இப்ப நான் உருட்டறேன். பத்துக்குக் கீழன்னா பொழச்சா, மேலன்னா செத்தா."

"மறைப்ப எடுத்துடேன், எல்லாரும் பாக்கலாம்," என்றார் தராசு.

"இருக்கட்டும்."

பகடை மேசையில் உருண்டது. நாலு தட்டல், ஒரு சுழற்சி, அப்புறம் சத்தமில்லை. கையில் வாங்கினதுமே ஒரு கிலோக் கல்லில் அஞ்சு கிராம் குறைகிறது என்று சொல்லிவிடுகிற மனிதர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், ஒன்றும் பிடிபடவில்லை. மனைவி எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். பிறகு பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"செத்துட்டா."

பல் டாக்டர் மூலிகைப் பையைத் தன் காகிதத்திலிருந்து அழிக்கப் போனவன் ரப்பரைக் கீழே வைத்தான். மருந்தம்மா "பாவம்" என்று சொல்லிக்கொண்டே ஃபேனைப் போட்டார். சிலை தப்பித்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. எத்தனை விழுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

தராசு மனைவியின் முகத்தையே பார்த்தார். பெரிய எண் விழுந்திருக்கலாம். சின்னது விழுந்து, இந்தக் கூட்டம் கலையக்கூடாதே என்று அவள் கொன்றிருக்கலாம். இல்லை, தன்னை ஆயுசுக்கும் இப்படி நிற்க வைக்கத்தான் கொன்றாளோ? பதினோரு வருஷம் பார்த்த முகம். முத்திரை எதுவும் இல்லை.

"நிஜமாவா?" என்றார்.

"எது நிஜமாவா?"

தராசு மேசையின் இந்தப் பக்கம் வந்தார்.

மனைவி நாற்காலியை விட்டு எழவில்லை. வைத்தியச்சி செத்ததிலிருந்து தான் ஏனோதானோவென்று ஆடிக்கொண்டிருந்த படகோட்டியின் காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இனிமே இவன் நீங்க. பாலத்துல தளபதி நிக்கறான், பூதம் நிக்குது. படகோட்டி என்ன பண்றான்?"

தராசு தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்தார். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நிக்கறான்," என்றார்.

"எங்க?"

"அதான் தெரியல."