கன்னத்தில் ஒதுக்கிய பொம்மை

ரொட்டியைக் கடித்ததுமே யாதிராவின் பல்லில் ஏதோ நெருடியது. என்னவென்று பார்க்கத் தேவையில்லை. மூன்று ராஜாக்கள் திருநாள் ரொட்டிக்குள் வைத்துச் சுடுகிற குழந்தை இயேசு பொம்மை. யார் துண்டில் வருகிறதோ அவர்தான் முற்றத்துக் கிறிஸ்துமஸ் குடிலில் கிடக்கும் மண்குழந்தைக்கு ஞானத்தாய், ஆணென்றால் ஞானத்தந்தை. பிப்ரவரியில் புது உடுப்புப் போட்டு, கையில் ஏந்திக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். திரும்பி வந்து, சோளமாவில் தமாலே அவித்து எல்லோருக்கும் போட வேண்டும்.

செலவுக்குப் பயந்து பொம்மையை விழுங்கினவர்கள்கூட ஒரே முற்றத்தைச் சுற்றியிருக்கும் அந்த மெக்சிகோ நகரத்துக் குடித்தனங்களில் உண்டு. யாதிராவின் பயம் வேறு. அவள் திருநங்கை. பழைய தெருவில் மாதா சுரூபத்துக்குத் தோள்கொடுக்கப் போனபோது, "தம்பி, இது பொம்பளைங்க தூக்குறது" என்று ஊரறிய விலக்கிவிட்டார்கள். இந்த முற்றத்துக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகிறது. அவள் யாரென்று இங்கே எவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டி வரவில்லை. இப்போது சொல்லியாக வேண்டும்: தாயா, தந்தையா? பொம்மையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாள்.

எதிர்வீட்டு ஓத்திலியா சாக்லேட் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

"பல்லு வலிக்குதுக்கா."

"ரொட்டி வெட்டினதும் வந்துருச்சாக்கும்!"

கறிக்கடை ஃபெர்மீன் விழுந்து விழுந்து சிரித்தார். "போன வருஷம் எனக்கும் இதே பல்லுவலிதான். வாய்க்குள்ள விரலை விட்டுல்ல எடுத்தா இந்த ஓத்திலியா!"

"துப்புடி, கஞ்சப்பிசினாரி!"

முற்றமே கைதட்டியது. யாதிரா உள்ளங்கையில் துப்பினாள். விரல்நகம் அளவுக்கு ஒரு குழந்தை, எச்சிலில் பளபளத்தது. அதைப் பார்த்தபடியே முணுமுணுத்தாள்.

"தமாலே நான் அவிக்கிறேன்க்கா. கோயிலுக்கு வேற யாராச்சும் தூக்கட்டும். அங்க எதாவது சொல்லிட்டா..."

கைதட்டல் அடங்கியது. ஆனால் ஓத்திலியா குரலை இறக்கவில்லை.

"நல்லாருக்குடி கதை! ஞானத்தாய் கைய வீசிட்டு வருவா, நாங்க பிள்ளைய சுமக்கணுமா? சொல்றவன் என்கிட்ட வந்து சொல்லட்டும்."

"காரம் தூக்கலா போடு தாயே," என்றார் ஃபெர்மீன். "நான் அவிச்சத நாய்கூட மோந்துட்டுப் போயிருச்சு."

யாதிரா நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சிவப்பு மிளகாயா பச்சை மிளகாயா என்று அங்கே சண்டை தொடங்கியிருந்தது. ஓத்திலியா குடிலிலிருந்து மண்குழந்தையைத் தூக்கிவந்து அவள் மடியில் போட்டாள்.

"உடுப்புக்கு அளவெடு. அடியே, தலையப் பிடிடி, தலைய!"

யாதிரா முழங்கையை மடித்து அதன் தலைக்கு அணைகொடுத்தாள். ஓத்திலியாவின் விரலிலிருந்த ரொட்டிச் சர்க்கரை குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்தது. பெருவிரலால் மெல்லத் துடைத்துவிட்டாள்.