குங்கும ஊறல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேகவதி ஆற்றுப் பக்கம் போனால் மாணிக்கவேலைப் பார்க்கலாம். லுங்கியை மடித்துக் கட்டி, முழங்கை வரை ரப்பர் உறை மாட்டி, கருவேல முள்ளில் சிக்கிய பாலித்தீன் பைகளை ஒவ்வொன்றாக உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டிருப்பார். ஐம்பத்தைந்து வயதில் இடுப்பு ஒத்துழைக்காது. ஆனாலும் இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறியதில்லை.

காஞ்சிபுரத்தின் பாதிச் சாக்கடை வந்து சேரும் ஆற்றைச் சுத்தம் செய்வது எப்படிப்பட்ட வேலை என்பது அதில் இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். கரையோரத் தெருக்காரர்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்த இளவரசிதான் அதற்குச் செயலாளர். ஊரில் எல்லாக் கதவையும் தட்டிப் பழகியவள். பாலிசி எடுக்க மறுத்தவர்களைக்கூட ஆற்றில் இறக்கிவிட்டாள். குழு பட்ட பாட்டில் எதிர்க்கரையோரம் சாக்கடை ஒரு கோடாகச் சுருங்கியது. இந்தக் கரையோரம் முந்நூறு அடி நீளத்துக்கு வெள்ளை மணல் தெரிந்தது. பாலத்தில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு மாணிக்கவேல் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவார். வீட்டுக்குப் பின்னால் அவருடைய சாயப்பட்டறை. பட்டு நூலை அண்டாவில் போட்டுக் காய்ச்சிச் சாயம் ஏற்றுவது தொழில். அரக்குச் சிவப்பில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. பட்டறையின் பின்சுவருக்கு அந்தப்புறம் ஆறு.

ஒரு காலத்தில் சாயத் தண்ணீர் அந்தச் சுவரின் ஓட்டை வழியாக நேராக ஆற்றில் விழுந்தது. அவர் குழுவில் சேர்ந்த முதல் வாரமே இளவரசி கேட்டாள்.

"அண்ணா, தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க பட்டறைத் தண்ணி எங்க போவுது?"

"சாயத் தண்ணிய சுத்தம் பண்ண தொட்டி கட்டறேம்மா. ஒரு மாசத்துல முடிஞ்சிடும்."

ஒரு மாசத்தில் ஓட்டை அடைபட்டது உண்மை. தொட்டி மட்டும் கட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் குழாய் சுவருக்கு அடியில் ஆறடி ஆழத்தில் இறங்கி ஆற்று மணலுக்குள் போய் முடிந்தது. மேலே ஒரு சொட்டு தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் ஒரு பட்டறையையே மணலில் மறைத்தார்.

மனைவி வடிவாம்பாளுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"ஊருக்கு ஒண்ணு சொல்லிட்டு இப்டிப் பண்றீங்களே, நல்லா இருக்குதா?" என்று கேட்டாள்.

"மணலு வடிகட்டிடும்டி. அப்பறமா கையில வேல கொறஞ்சதும் தொட்டி கட்டிக்கலாம்" என்றார்.

கையில் வேலை குறையவே இல்லை. ஞாயிறு தோறும் அவர் குனிந்து பொறுக்கிய குப்பையும் பொய்யில்லை. திங்கள் முதல் சனி வரை மணலுக்குள் இறங்கிய சாயமும் பொய்யில்லை. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று ஊரில் சொல்வார்கள். இடிக்கிறவருக்கு அது காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆடி மாதம் இளவரசிக்கு ஒரு யோசனை வந்தது. முன்பெல்லாம் அந்தத் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாளில் ஆற்று மணலில் ஊறல் எடுப்பார்கள். சுமங்கலிப் பெண்கள் வெறும் கையால் மணலைத் தோண்டுவார்கள். மண்வெட்டி படக்கூடாது. ஊறி வரும் தண்ணீரை அம்மனுக்குக் காட்டி, ஆளுக்கு மூன்று கை தீர்த்தம் கொடுப்பார்கள். முதல் தீர்த்தம் கர்ப்பிணிகளுக்கு. ஆறு நாறத் தொடங்கிய பிறகு இருபது வருடமாக அந்த வழக்கம் நின்றுபோயிருந்தது.

"நம்ம சுத்தம் பண்ண மணல்லயே ஊறல் எடுப்போம். ஆறு திரும்பி வந்துடுச்சின்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றாள் இளவரசி.

கூட்டம் கை தட்டியது. மாணிக்கவேல் மட்டும் எழுந்து நின்றார்.

"இங்க வேணாம்மா. மேல முசரவாக்கம் பக்கம் போயி எடுக்கலாமே. தண்ணி இன்னும் நல்லா இருக்கும்."

"நம்ம கையால சுத்தம் பண்ண எடத்த வுட்டுட்டு அங்க எதுக்குண்ணா? அன்னிக்கு உங்களுக்குத்தான் பொன்னாடை. வேணாம்னு சொல்லக்கூடாது."

அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். பொன்னாடை என்ற சொல் வாயை அடைத்துவிட்டது. ஊறலுக்கு முந்தின ஒரு வாரம் அடுப்பை மூட்டாமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு கடைக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார். கல்யாணப் புடவைகள், அரக்குச் சிவப்பு, அவசரம். மாணிக்கவேல் அடுப்பை மூட்டினார்.

ஞாயிறு காலை பம்பையும் உடுக்கையும் முழங்க அம்மனை மணலுக்குக் கொண்டுவந்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் கூட்டம். இளவரசி ஒலிபெருக்கியில் மாணிக்கவேலைப் பற்றி நாலு வார்த்தை பேசினாள். கேட்ட மாணிக்கவேலுக்கே, யாரோ ஒரு நல்ல மனிதரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றியது. வெண்ணிறப் பட்டுப் பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார்கள்.

ஏழு பெண்கள் மணலைத் தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் மணல் ஈரமானது. இன்னும் இரண்டு கை வாரியதும் தண்ணீர் ஊறத் தொடங்கியது.

தண்ணீர் சிவப்பாக வந்தது.

தோண்டிய பெண்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். பம்பை நின்றது. பூசாரி கண்ணாயிரம் குழியை எட்டிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"அம்மா குங்குமமா வந்திருக்காடா! இருவது வருசம் கழிச்சி வந்தவ குங்குமமா வந்திருக்கா!"

கூட்டம் 'ஓம் சக்தி' என்று அலறியது. செல்போன்கள் உயர்ந்தன. இரண்டு பெண்கள் சாமி வந்து ஆடினார்கள். கற்பூரமும் மஞ்சளும் சாம்பிராணியும் மணந்த இடத்தில் தண்ணீரின் காரநெடியை யாரும் உணரவில்லை.

இளவரசி மட்டும் கும்பிடவில்லை. மாணிக்கவேலின் கையைப் பிடித்துக் குழியருகே கூட்டிவந்தாள்.

"அண்ணா, இது சாயமா இருக்குமோன்னு எனக்கு டவுட்டா இருக்குது. நீங்க பாத்தா தெரியுமில்ல?"

மாணிக்கவேல் குந்தி உட்கார்ந்து ஒரு கை அள்ளினார். அள்ளவே தேவையில்லை. பெற்றவனுக்குப் பிள்ளை முகம் தெரியாதா? அது வியாழக்கிழமை அரக்கு. தலையை நிமிர்த்தினார். முந்நூறு முகங்கள். தோளில் பொன்னாடை. பட்டறையில் நாலு ஆட்கள். பேர், மரியாதை எல்லாம் அந்த ஒரு கைத் தண்ணீரில் நின்றது.

"சாயம் மாதிரித் தெரியலம்மா" என்றார்.

இளவரசி பெருமூச்சு விட்டாள். ஒலிபெருக்கியை எடுத்தாள். "சந்தேகமே வேணாம்! சாயப்பட்டறை வெச்சிருக்கற அண்ணாவே பாத்துச் சொல்லிட்டாரு!" என்றாள். பூசாரி சொன்னதை நம்பாதவர்களும் அதை நம்பினார்கள்.

முதல் தீர்த்தம் சந்தியாவுக்கு. கரையோரக் குடிசையில் பட்டு நூல் இழைக்கும் பொன்னியம்மாளின் ஒரே மகள். ஏழு மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கிய கரு. பொன்னியம்மாள் மகளைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தாள்.

"நல்லா வாங்கிக் குடி கண்ணு. இன்னாமா செவந்திருக்குது பாரு."

சந்தியா மூன்று கை குடித்தாள். மூன்றாவது கையில் முகம் சுளித்தாள். கீழே துப்பினால் பாவம் என்று விழுங்கிவிட்டாள். மாணிக்கவேல் பார்த்துக்கொண்டிருந்தார். இதை எழுதும்போதுகூட அந்த ஆளின் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருக்கிறது. அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் குடித்தார்கள்.

அப்போதுதான் கூழ்ப் பானையைத் தலையில் சுமந்துகொண்டு வடிவாம்பாள் வந்தாள். வரும் வழியிலேயே அதிசயத்தைச் சொல்லிவிட்டிருந்தார்கள். பானையை இறக்கி வைத்துவிட்டுக் குழியைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்தார். அவள் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. கண்ணாயிரம் அவள் உள்ளங்கையில் சிவப்புத் தண்ணீரை ஊற்றினார்.

"வடிவு, வேணாம்" என்றார் மாணிக்கவேல்.

"ஏங்க வேணாம்? நீங்கதான் சாயம் இல்லன்னு சொன்னீங்களாமே. சாயம் இல்லாத தண்ணியக் குடிச்சா எனக்கு இன்னா ஆயிடப் போவுது?"

கையை வாயருகே கொண்டுபோனாள். மாணிக்கவேல் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். பூசாரி கையிலிருந்த சொம்பையும் தட்டிவிட்டார்.

"யாரும் குடிக்காதீங்க! இது என் பட்டறைச் சாயம்!"

கண்ணாயிரம் அவர் சட்டையைப் பிடித்தார். "அம்மன் தீர்த்தத்தையா தட்டி வுடற? உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்குதா?" நாலு பேர் அடிக்க வந்தார்கள். சாமி குற்றம் என்று கத்தினார்கள். மாணிக்கவேல் தோளிலிருந்த பொன்னாடையை உருவி அதன் நுனியைக் குழியில் தோய்த்தார். யாரோ வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி அந்த நுனியில் ஊற்றிக் கசக்கினார். திரும்பவும் ஊற்றினார். திரும்பவும் கசக்கினார்.

"குங்குமம்னா அலசினா போயிடும். பாருங்கப்பா, போவல. பட்டுல ஏறிப் புடிச்சிக்கிச்சி. ஆசிட்டு கலந்த சாயம் இது. மணலுக்குள்ள பைப்பு போட்டு வுட்டவன் நான்தான்."

வெண்பட்டின் நுனியில் அரக்கு நிறம் நின்றது. காஞ்சிபுரத்தில் பட்டுக்கும் சாயத்துக்கும் உள்ள உறவை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கூட்டம் அடங்கிப்போனது.

பொன்னியம்மாள் முன்னால் வந்தாள். "சாயமான்னு இளவரசி கேக்க சொல்லோவே உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியும்மா."

அவள் அடிக்கவில்லை. மகளைப் பார்க்க ஓடினாள். சந்தியா மணலில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்கு இருபத்தோரு பேரைக் கொண்டுபோனார்கள். இருபது பேர் வயிற்று வலியோடும் வாய்ப் புண்ணோடும் மறுநாள் திரும்பினார்கள். சந்தியா திரும்பவில்லை. நாலாவது நாள் வயிற்றில் குழந்தைக்குத் துடிப்பு நின்றுவிட்டது. தண்ணீரால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, வேறு காரணமும் இருக்கலாம் என்றார் டாக்டர். மாணிக்கவேலுக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இருக்கவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ யாராவது சொன்னால் தூங்கலாம். சொல்லத்தான் யாருமில்லை.

பட்டறைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். நாலு ஆட்களும் வேறு இடத்துக்குப் போனார்கள். போலீஸ் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. குழுவின் வாட்ஸ்அப்பில் அவர் பெயரை நீக்கினார்கள். அதைவிடக் கொடுமை, குழுவே கலைகிற நிலைக்கு வந்துவிட்டது. 'ஆத்தக் காப்பாத்தறேன்னு கிளம்பறவனெல்லாம் திருடன்' என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். யோக்கியமாகக் குப்பை அள்ளிய இருபத்தொன்பது பேருக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது.

அடுத்த மாதம் அனுமதி வாங்கிக்கொண்டு மாணிக்கவேல் அந்தக் குழாயைத் தோண்டி எடுக்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை. ஆற்றில் இளவரசியும் மூன்று பேரும் மட்டும் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மூன்றடி தோண்டும்போதே மணல் சிவக்கத் தொடங்கியது. ஐந்தடியில் மணலுக்குப் பதிலாகக் கருஞ்சிவப்புச் சேறு வந்தது. இரண்டு வருடச் சாயமும் போகாமல் அங்கேயே இருந்தது.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார். மேட்டில் பொன்னியம்மாள் நின்றிருந்தாள். அவர் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார்.

"என்னிய இன்னா வேணா பண்ணும்மா."

"உன்ன இன்னா பண்ணி எனக்கு இன்னா ஆவப் போவுது?" இத்தனை வருடம் 'நீங்க' என்று பேசியவள் அவள். "நீ சாயம் வுட்டுட்டு சும்மா வூட்டுல கெடந்திருந்தா, நாங்க அந்தத் தண்ணியக் கிட்டக்கூட சேத்திருக்க மாட்டோம். குப்ப பொறுக்கறவரு பொய் சொல்ல மாட்டாருன்னு நம்பி எம் பொண்ணு குடிச்சா."

மாணிக்கவேல் குழிக்குள் நின்று அழுதார். அவள் அவர் அழுது முடியும் வரை காத்திருக்கவில்லை.

"ஆத்தக் காப்பாத்த யாரும் ஆத்துல எறங்கி மாலை போட்டுக்க வேணாம்பா. அவனவன் வூட்டுலேர்ந்து போற அழுக்க அவனவன் நிறுத்தினா போதும், ஆறு தானா பொழச்சிக்கும். அத நிறுத்தாம வாரத்துல ஒரு நாளு கூட்டறது ஊரு கண்ணக் கட்டறதுக்குத்தான்."

தூரத்தில் இளவரசி சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சேறு மொத்தமும் எடு. பைப்ப மட்டும் உருவிக்கினு போயிடாத" என்றாள் பொன்னியம்மாள். "அடுத்த ஆடிக்கு இதே எடத்துல ஊறல் எடுப்போம். மொத மூணு கை நீ குடிக்கணும். உம் பொஞ்சாதி இல்ல, நீ. அதுக்கப்பறம்தான் புள்ளத்தாச்சிங்க கை நீட்டுவாங்க."

அவள் போய்விட்டாள். மாணிக்கவேல் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து இளவரசி ஒரு காலிச் சாக்கைக் கொண்டுவந்து குழியின் விளிம்பில் போட்டுவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.