படம் வராத முயல்

"வேணாம், சொருகாத!"

அண்ணன் இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டினான். பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து அவன் வாயைத் திறப்பதே அபூர்வம். கேட்டால் ஒரு 'ம்', கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. அதனால் பிளக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"செங்கல்... செங்கல் எங்க?" என்றான்.

செங்கல் என்று நாங்கள் சொல்வது கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற கனத்த இரும்புப் பெட்டியை. அப்பா கப்பல் வேலையில் இருந்தபோது ஏதோ ஒரு தூர தேசத்திலிருந்து இந்தக் கேம் பெட்டி, அதற்கென்று ஒரு டிவி, கூடவே இந்தச் செங்கல் எல்லாவற்றையும் சுமந்து வந்தார். அந்த ஊர்க் கரண்ட் நம் கரண்ட்டில் பாதிகூட இல்லையாம். நேராகச் சொருகியிருந்தால் பெட்டி புகைந்திருக்கும். அவசரக்குடுக்கை என்று எனக்குப் பேர் வைத்ததே இவன்தான், தப்பில்லை.

பரணிலிருந்து இதை நான் இறக்கியதற்குக் காரணம் அவனுடைய வலது கை. பிசியோதெரபிக்கு வருகிற பெண் ரப்பர் பந்தைக் கொடுத்து, "இப்ப அசைக்கலைன்னா அப்புறம் இந்த விரல் உங்க பேச்சைக் கேக்காது" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் இவன் பந்தை மூலையில் உருட்டிவிடுகிறான். அண்ணி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். எனக்குக் கெஞ்சவும் வராது, அழவும் வராது, கோபம்தான் வரும். அந்தக் கோபத்தில்தான், சின்ன வயதில் நாங்கள் இந்தப் பெட்டியில் ஆடிய முயல் ஆட்டம் ஞாபகம் வந்தது. இடது கட்டை விரலால் முயலை ஓடவிடலாம். பள்ளத்தைத் தாண்ட வேண்டுமானால் வலது கட்டை விரல் வேண்டும்.

செங்கலைத் தேடிப் பிடித்து, அதன் வழியாகப் பெட்டிக்கு உயிர் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா கொண்டுவந்த டிவி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டதால், சுவரில் தொங்கும் தட்டை டிவியின் ஆன்டெனா ஓட்டையில் வயரைச் சொருகிச் சேனல் தேடச் சொன்னேன். கோடு ஊர்ந்து ஊர்ந்து கடைசிக்குப் போய், ஒன்றுமில்லை என்று கைவிரித்தது. ஒவ்வொரு நம்பராக நானே மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புள்ளி மழைதான். வயரைத் துடைத்தேன், ஊதினேன், திருப்பித் திருப்பிச் சொருகினேன். ஊதுற சங்கை ஊதியாச்சு, விடியக் காணோம்.

"செத்துருச்சு. தூக்கி உள்ள வை," என்று அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் பெட்டியை மட்டும் சொல்லவில்லை. எரிச்சலில் டிவியிலிருந்து வயரைப் பிடுங்கிச் சமையலறைப் பக்கம் வீசினேன்.

"அடக் கண்றாவியே!" உள்ளேயிருந்து அண்ணியின் குரல். "செய்தி வாசிக்கிறவன் நடுவுல பீப்பி ஊதுறான்! என்ன பண்றீங்க அங்க?"

போய்ப் பார்த்தால், வயரின் நுனி அவள் ரேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்தது. செய்தியின் அடியில் டிங்-டிடிங் என்று ஒரு மெட்டு. முயல் ஆட்டத்துப் பாட்டேதான். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து முள்ளை ஒரு மயிரிழை திருகினேன். செய்திக்காரர் காணாமல் போனார், முயல் பாட்டு அறையெல்லாம் நிறைந்தது. பெட்டியை அணைத்தால் பாட்டு நின்றது, போட்டால் வந்தது.

அண்ணன் திரும்பிவிட்டிருந்தான். "அந்த ஊர்ல டிவி வர்ற அலைவரிசையில... நம்ம ஊர்ல ரேடியோ வருது போல," என்றான் மெதுவாக. பிறகு, "அது சாகல," என்றான்.

பாவம் பெட்டி, பிறந்த ஊர் வழக்கப்படி ஒழுங்காகத்தான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் டிவிதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

"இந்தா, ஆடு," என்று கன்ட்ரோலரை நீட்டினேன்.

"படம் இல்லாமயா?"

"கண்ணைக் கட்டிட்டே ஆடுவேன்னு பந்தயம் கட்டி என் பென்சில் டப்பாவைப் புடுங்கினியே, அப்ப மட்டும் படம் தெரிஞ்சுதா? துணி வழியா பாத்து ஏமாத்தினியா?"

"பாக்கல!" அவனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "ஒரு தடவைகூடப் பாக்கல."

கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான். இடது விரல் அழுத்த, ரேடியோவில் முயல் டக்கு டக்கென்று ஓடியது. உடனே விசில் மாதிரி ஓர் ஓசை கீழே கீழே இறங்கி அடங்கியது.

"என்னாச்சு?" அண்ணி கரண்டியோடு வந்து நின்றாள்.

"பள்ளம்," என்றேன்.

அண்ணன் தன் வலது கையை இடது கையால் தூக்கி, கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்தான், யாரோ ஒருத்தருடைய கையை எடுத்து வைப்பது போல. மறுபடி டக்கு டக்கு. விரல் நடுங்கியது. முயல் விழுந்தது. ஆனால் விழுவதற்கு முந்தி, நூலிழையில், 'டுயிங்' என்று முயல் தாவுகிற சின்னச் சத்தம்.

"அமுத்தினேன்," என்றான். நெற்றியெல்லாம் வேர்வை. "லேட்டாயிடுச்சு."

எனக்கு அழ வராது என்று சொன்னேன் இல்லையா, வந்துவிட்டது. "ஒப்பாரிய அப்புறம் வெச்சுக்கோ, குடுக்கை. சத்தம் கேக்கல," என்றான் அண்ணன்.

அண்ணி கரண்டியைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ரேடியோவின் கம்பியை முழுக்க நீட்டிப் பிடித்துக்கொண்டாள். டிவியில் புள்ளி மழை. டக்கு டக்கென்று காலடிகள் பள்ளத்தை நோக்கி வந்துகொண்டிருந்தன. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கட்டை விரலையே பார்த்தோம்.