கயிற்றின் கடைசி ஆள்

அறுபது வயது முடிந்தவர்களுக்கு எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் பொன்னாடை போர்த்துவார்கள். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் குளுக்கோஸ் தண்ணீர், தோளில் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த கம்பளிச் சால்வை. போர்ட் பிளேர் புழுக்கத்தில் கம்பளி எதற்கு என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. போர்த்தப்பட்டவர் சற்று நேரத்தில் வேர்த்து வாடிப்போவார். பார்க்கிறவர்கள், "பாவம், வயசாயிட்டு" என்பார்கள்.

இந்த வருடம் என் முறை.

நான் அடைக்கலசாமி. ஜங்லிகாட்டில் படகு என்ஜின் பழுது பார்க்கிறவன். பட்டறைக்கு வரும் எந்த என்ஜினிடமும் நான் வயது கேட்டதில்லை. என்னிடம் மட்டும் எல்லோரும் கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

சால்வையால் வரும் வேர்வையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. திருவிழாவின் கடைசி நாள் மாலை, ஜங்லிகாட்டுக்கும் பக்கத்து ஊரான மின்னி பேக்கும் கயிறு இழுக்கும் போட்டி நடக்கும். பல வருடங்களாக எங்கள் அணியின் கடைசி ஆள் நான்தான். கடைசி ஆள் என்றால் கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மல்லாக்கச் சாய்ந்து, நங்கூரம் மாதிரி கிடப்பவன். அதற்குத் தனித் திறமை வேண்டும் என்பார்கள். எனக்குத் தொப்பை இருந்தது. ஆனால் சால்வை வாங்கியவர் கயிறு இழுக்கக் கூடாது என்பது கமிட்டியின் சட்டம். யாருக்கோ எப்போதோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டதிலிருந்து அப்படி.

அணித் தலைவன் ஜஸ்டின் என் அக்கா மகன். பட்டறைக்கு வந்தவன், என் முகத்தைப் பார்க்காமல் என்ஜினைப் பார்த்துச் சொன்னான்.

"மாமா, இந்த வருசம் நீங்க ஆராம் சே, நிம்மதியா உக்காந்து பாருங்க."

"உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்னு நினைக்கியால?"

"கமிட்டி ரூலு மாமா. நான் என்ன செய்ய?"

"நான் சால்வையே வாங்கலன்னா?"

தலையைச் சொறிந்தான். "வாங்கலன்னா நீங்க வயசானவரு இல்ல. எறக்கிருவேன். ஆனா ஃபாதர் மைக்ல பேரு கூப்பிடயில போகாம இருந்துருவீங்களாக்கும்?"

இருந்துவிடுவேன் என்றேன்.

வீட்டில் என் மனைவி சிசிலியாவிடம் சொன்னேன். அவள் மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவள். ஐஸ் பெட்டியைத் தனியாளாகத் தூக்குவாள்.

"அறுபதுன்னா அறுபது. அதுக்கு ஏன் மூஞ்சிய வாடுன நெத்திலி மாதிரி வச்சிருக்கீங்க?"

"நீ சொல்லுவ. உனக்கு இப்பத்தான் அம்பத்தேழு."

"எனக்கும் வரும். வரட்டுமே. வயசு வாறப்ப நான் உக்காந்துதான் இருக்கணுமா? மார்க்கெட்டுல நிப்பேன், அங்க வந்து பாத்துக்கட்டும்."

அவளோடு பேசிப் பயனில்லை என்று பயிற்சியில் இறங்கினேன். ஜங்லிகாட் ஆட்கள் கண்ணில் படக் கூடாதென்று எதிரணியின் ஊரான மின்னி பேக்கே விடியற்காலையில் ஸ்கூட்டரில் போனேன். இந்த யோசனையிலிருந்தே என் மூளையின் வயதை நீங்கள் கணித்துக்கொள்ளலாம். கரையோரத் தென்னையில் கயிற்றைக் கட்டி, நுனியை இடுப்பில் சுற்றி இழுத்தேன். தென்னை அசையவில்லை. நான் முனகினேன்.

நடைப்பயிற்சிக்கு வரும் பிஸ்வாஸ் என்ற பெங்காலிக்காரர் நின்று பார்த்தார். "தாதா, பேட் கிராயேகா க்யா?" அண்ணா, மரத்தைச் சாய்க்கப் போகிறாயா என்கிறார்.

"நஹி தாதா, உமர் கிராயேகா." வயதைச் சாய்க்கப் போகிறேன் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "பேட் ஆசான் ஹை," என்றார். மரமே சுலபமாம்.

விடவில்லை. தினமும் போனேன். மீசைக்கு மை பூசினேன். வேர்வையில் அது முகவாய்க்கு இறங்கியது. என் கவலையிலேயே நான் மூழ்கிக் கிடந்ததால், சிசிலியா சாயங்காலங்களில் தாமதமாக, காலெல்லாம் மண்ணாக வீடு திரும்புவதைப் பெரிதாக நினைக்கவில்லை. "சரக்கு லேட்டா வந்துச்சு" என்றாள். மீன் மண்ணிலா விளைகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

திருவிழா மாலை. முதலில் பெண்கள் போட்டி, இந்த வருடம்தான் புதிதாகத் தொடங்கியது. அடுத்து சால்வை. அதற்கடுத்து நாங்கள். மேடையிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

ஜங்லிகாட் பெண்கள் அணி வந்தது. முன்னால் எங்கள் மகள் ஜோஸ்லின். கடைசியில், ஜஸ்டினின் டிராக் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, கயிற்றை இடுப்பில் சுற்றியபடி சிசிலியா.

ஜெனரேட்டரைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.

முதல் இழுப்பில் தோற்றார்கள். நைலான் கயிறு அவள் இடுப்பை அறுத்தது. வலி தாங்காமல் அவள் நிமிர்ந்தபோது அணியே சரிந்தது. கடைசி ஆளுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும். ஆண்கள் நாங்கள் அடியில் சாக்கைச் சுற்றிக்கொள்வோம். அந்தச் சாக்கை ஜஸ்டின் பட்டறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். என் தோளில் கிடந்த துண்டை விரித்துப் பார்த்தேன். அதன் வழியாக மைதானம் தெரிந்தது.

மேடை மேசையில் கம்பளிச் சால்வைகள் அடுக்கியிருந்தன. ஓடினேன்.

"ஏ கபிரியேலு, ஒரு சால்வையத் தா!"

கமிட்டி செயலாளன் கபிரியேல் இரண்டு கைகளாலும் அடுக்கை மூடினான். "போத்தாமத் தர முடியாதுண்ணே. ஃபாதர் கையாலதான் வாங்கணும்."

பக்கத்தில் நின்ற ஃபாதர் சிரித்தார். "இவ்வளவு நேரம் எங்க ஒளிஞ்சிருந்தீங்க அடைக்கலம்? வாங்க, குனிங்க."

மைதானத்திலிருந்து ஜஸ்டின் கத்தினான். "மாமா! வாங்காதீங்க! வாங்கினா நீங்க அவுட்டு!"

திரும்பிப் பார்த்தேன். நடுவர் விசிலை வாயில் வைத்திருந்தார். சிசிலியா இடுப்பைத் தேய்த்துவிட்டு, குனிந்து, அதே கயிற்றை அதே இடத்தில் மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்காலி எங்கே என்று அவள் தேடவில்லை. உதவிக்கும் யாரையும் தேடவில்லை.

குனிந்தேன். சால்வை விழுந்தது. கபிரியேல் மைக்கில் என் வயதைச் சொன்னான். மின்னி பே வரைக்கும் கேட்டிருக்கும்.

விழுந்த சூட்டோடு ஓடினேன். பொன்னாடையோடு எவரும் ஓடி அந்த மைதானம் பார்த்ததில்லை. கூட்டம் கைதட்டியது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மூச்சு வாங்க அவள் முன் மண்டியிட்டு, கயிற்றை அவிழ்த்து, சால்வையை இடுப்பில் மடித்துச் சுற்றி, மேலே கயிற்றை இறுக்கினேன்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கேலி பண்ணுவீங்க."

மறுக்க வாயைத் திறந்தேன். ஒரு கேலிதான் வந்தது. மூடிக்கொண்டேன்.

"பின்னால சாயி. எதுத்தாப்புல ஆளுகளப் பாக்காத. வானத்தப் பாரு."

"தெரியும். வருசா வருசம் உங்களத்தான பாத்துட்டு இருந்தேன்," என்றாள்.

இரண்டாவது இழுப்பில் அவள் வானத்தைப் பார்த்தபடி சாய்ந்தாள். பொன்னாடையின் ஜரிகை மண்ணில் உரசியது. மின்னி பே அணி அங்குலம் அங்குலமாக எங்கள் பக்கம் வந்தது. ஜெயித்தோம் என்று சொல்கிறேன், நான் இழுக்கவே இல்லை. மூன்றாவதில் எங்கள் அணியில் யாரோ கால் வழுக்க மொத்தமாகச் சரிந்து தோற்றார்கள். சிசிலியா மல்லாக்கக் கிடந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்புறம் ஆண்கள் போட்டி. நான் இல்லாமலேயே ஜெயித்தார்கள். சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான், கொஞ்சம் வலித்தது.

நடந்து வீடு திரும்பும்போது அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். "அடுத்த வருசம் இடுப்பு இன்னும் கொஞ்சம் அகலமாயிரும். நல்லதுதான். கயிறு நழுவாது."

நானும் என் தொப்பையைத் தடவிப் பார்த்தேன். முதல் தடவையாக அதற்கு வயதாவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

இப்போது விடியற்காலையில் இரண்டு பேராக மின்னி பே போகிறோம். சால்வை வாங்கியவன் கயிறு இழுக்கக் கூடாதென்ற சட்டம் மைதானத்துக்குத்தானே, கடற்கரைக்கு இல்லையே. ஒரு முனை அவள் இடுப்பில், பொன்னாடைக்கு மேல். மறுமுனை என் இடுப்பில்.

முதல் நாளே பிஸ்வாஸ் தாதா நின்றார். தனியாக நிற்கும் தென்னையைக் காட்டி, அதை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டார்.

பதில் சொல்ல நேரமில்லை. மரமாவது நின்ற இடத்தில் நின்றது. நான் குதிகாலால் மணலில் கோடு கிழித்தபடி அவள் பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.