அப்பாவை எழுப்பக்கூடாது

வினோஜா கார்க் கதவைப் பாதிதான் திறந்தாள். அதற்குமேல் திறந்தால் அது கிறீச்சிடும் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சாரதி இருக்கையைப் பின்னால் சரித்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்து, இரவு வேலை உடுப்போடேயே பாலேந்திரன் படுத்திருந்தார். பக்கத்து இருக்கைக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் பைகளை அவள் சரசரக்காமல் ஒவ்வொன்றாக இழுத்தெடுத்தாள்.

“பிள்ளை...” என்றார் அவர், தொப்பிக்கு அடியிலிருந்து.

அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார், விளங்கவில்லை. மடியில் கிடந்த கை கொஞ்சம் எழும்பி, கியரில் பட்டு, கீழே விழுந்தது. நித்திரையில் கதைப்பது அவருக்கு வழக்கம்தான். சின்ன வயதில் அவளும் தம்பி கிருஷிகனும் அறைக் கதவில் காதை வைத்து அதைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள்.

“ஒண்டுமில்லை அப்பா, பை எடுக்க வந்தனான். நீங்கள் படுங்கோ.”

கதவை மூடினாள். சத்தமில்லாமல் கதவு மூடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி இடுப்பால் தள்ளி, பிறகு மெல்லக் கையை விடவேண்டும். பாலேந்திரன் இந்த உலகத்தில் கடைசியாகக் கூப்பிட்டது அவளைத்தான். அதற்கு அவள் கொடுத்த பதில், படுங்கோ.

சுரங்க ரயில் பெட்டிகளை இரவில் கழுவுகிறவருக்குப் பகலில்தான் இரவு. நகரத்தின் ஓரத்தில், வெஸ்ட்லியில் அவர்களுடைய மாடி வீட்டில் அழைப்பு மணியின் கம்பியை என்றைக்கோ கழற்றிவிட்டார்கள். தொலைக்காட்சியில் படம் மட்டும் ஓடும். மனைவி புஷ்பராணி சம்பல் அரைப்பதென்றால் கிரைண்டரைத் துவாயால் சுற்றிக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டிக்கொள்வாள். பிறந்தநாளுக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாடிப்படியில் நின்றுதான் பாட்டுப் பாடினார்கள். வேறு வீடுகளில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே, களவெடுக்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வீட்டில் அதற்கெல்லாம் முதல் சொல்லிக்கொடுத்தது, அப்பாவை எழுப்பக்கூடாது.

அன்றைக்கு அவர் சந்தைக்கு வரவேண்டிய தேவையே இல்லை. மாடிக் கட்டடத்தின் நிலவறையை வெறுமையாக்கித் தரச்சொல்லி நிர்வாகம் சொல்லிவிட்டது. அங்கே கிடந்த பழைய சாமான்களை எறிவதற்குப் புஷ்பராணிக்கு மனம் வரவில்லை. ட்வெய்ட்டாவுக்குக் கிட்ட ஒரு பெரிய வாகனத் தரிப்பிடத்தில் ஞாயிறுதோறும் ஆட்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்துவைத்துப் பழைய சாமான் விற்பார்கள். அங்கே கொண்டுபோவோம் என்று பிடிவாதமாக நின்றாள். வீட்டில் கார் ஓடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வேலை முடிந்து வந்த கையோடு பெட்டிகளை ஏற்றினார். ஏற்றும்போதே இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

“தோள்மூட்டு இழுக்குது.”

“பெட்டி தூக்கினதுதான். அங்கை போய்க் கொஞ்சம் படுத்தால் சரியாகும்” என்று சொல்லி, புஷ்பராணி தைலம் பூசிவிட்டாள்.

காரை நிறுத்திய பிறகு, “நான் கண்ணயரப் போறன், முடியேக்கை எழுப்புங்கோ” என்றார். இருக்கையைச் சரித்தார்.

வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. பிள்ளைகள் வளர்ந்ததில் கட்டையாகிப்போன பனிச்சறுக்குப் பலகைகள், கிருஷிகனின் குளிர் உடுப்புகள், இரண்டு சோற்றுக் குக்கர்கள் எல்லாம் போயின. மார்க்கஸ் என்று பெயர் சொன்ன ஒரு தாடிக்காரன் பழைய கசெட் ரேடியோவைத் தூக்கி, பாடுகிறதா பார்க்கலாமா என்று கேட்டு, கேட்ட வாயோடு முழுச் சத்தத்தில் திருகிவிட்டான். புஷ்பராணி பாய்ந்துபோய்த் திருகியை அமத்தினாள்.

“மன்னென் சோவெர்!” என்றாள் அவனிடம், தனக்குத் தெரிந்த அந்த நாட்டு மொழியில், புருஷன் நித்திரை என்று. இரண்டு கையையும் கன்னத்தில் சேர்த்துக் காட்டவும் செய்தாள்.

மார்க்கஸ் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டான். பக்கத்துக் காரில் கிண்ணங்கள் விற்றுக்கொண்டிருந்த போலந்துக்காரி கரோலினா இதைப் பார்த்துத் தன்னுடைய பாட்டையும் நிறுத்திவிட்டாள். தன் தகப்பனும் இரவு வேலைக்காரன்தான் என்று வினோஜாவிடம் குனிந்து இரகசியம்போலச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வரிசையில் பேரம் எல்லாம் தாழ்ந்த குரலில் நடந்தது. ஓடிவந்த பிள்ளைகளைக்கூடத் தாய்மார் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். ஒரு மனிதர் சாவதற்கு இத்தனை பேர் ஒத்தாசை செய்ததை எங்கே போய்ச் சொல்ல.

“அப்பாக்கு ரோல்ஸ் ரெண்டு எடுத்துவைச்சனான். இப்ப குடுப்பமே?” என்று கேட்டாள் வினோஜா.

“விடு, பாவம். எழும்பித் தின்னட்டும்.”

சந்தை கலைகிற நேரம் புஷ்பராணி மேசை விரிப்பை உதறி மடித்துவிட்டு முன்பக்கம் போனாள். கண்ணாடியில் விரலால் தட்டினாள்.

“இஞ்சாருங்கோ.”

மறுபடி தட்டினாள். பிறகு கதவை அகலத் திறந்தாள். அது கிறீச்சிட்டது. அதற்கும் அவர் அசையவில்லை. தொப்பி நழுவி விழுந்தது.

“இஞ்சாருங்கோ! என்னப்பா! இஞ்சாருங்கோ!”

இத்தனை வருசத்தில் அவரை யாரும் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டதில்லை. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆம்புலன்ஸ் மடக்கிய மேசைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஊர்ந்து வந்தது. அவரை நிலத்தில் கிடத்தினார்கள். சட்டையை வெட்டினார்கள், நெஞ்சை அமத்தத் தொடங்குமுன் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அமத்தவில்லை. ஹன்னா என்று பெயர் குத்தியிருந்த ஒருத்தி எழுந்து வந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணோடு, அவர் இறந்து நேரமாகிவிட்டது என்றாள். இதயமாக இருக்கும். கடைசியாக யாரோடு பேசினார், எப்போது என்று கேட்டாள்.

பள்ளிக்கூடக் கூட்டத்திலிருந்து பல் வைத்தியர் வரைக்கும் தாய்க்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தது வினோஜாதான். இதையும் மொழிபெயர்த்தாள்.

“காலமை கார் நிப்பாட்டேக்கை கதைச்சவர். எழுப்பச் சொன்னவர்” என்றாள் புஷ்பராணி. பிறகு மகளுடைய முகத்தைப் பார்த்தாள். “நீ இடையிலை பை எடுக்கப் போனனீ எல்லே? உன்னோடை ஏதும் கதைச்சவரோ?”

“இல்லை அம்மா. நல்ல நித்திரை.”

“நேரத்தோடை கண்டிருந்தால் காப்பாத்தியிருப்பினமோ? அந்தப் பிள்ளையிட்டைக் கேள்.”

வினோஜா கேட்டாள். ஹன்னா கொஞ்சம் யோசித்தாள். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். சிலருக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும், சிலருக்கு அறிகுறி இருக்கும், பேச்சுக் குழறும், அந்த நேரத்தில் அழைத்தால் சிலவேளை காப்பாற்றலாம் என்றாள். சொல்லிவிட்டு வினோஜாவின் தோளில் கை வைத்தாள்.

“என்னவாம்?”

“ஏலாதாம் அம்மா. நித்திரையிலையே முடிஞ்சிருக்கும் எண்டு சொல்லுறா.”

“நித்திரையிலை...” என்றாள் புஷ்பராணி. தலையை ஆட்டினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது, அல்லது போதும் என்று வைத்துக்கொண்டாள்.

அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரேடியோவை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டுச் சில்லறை மாற்றப் போயிருந்த மார்க்கஸ் கையில் காசோடு தூரத்தில் நின்றுவிட்டுப் போய்விட்டான். மிச்சச் சாமான்களை அடுக்கிக் கொடுத்த கரோலினா, தன் காரிலேயே அவர்களை வெஸ்ட்லிக்குக் கொண்டுவந்து விட்டாள். ரோல்ஸ் இரண்டும் வெள்ளித்தாளில் சுற்றியபடி வினோஜாவின் மடியில் இருந்தன. வழி முழுக்க அவள் காதுக்குள் ‘பிள்ளை’ என்ற அந்தக் குரல்தான். அதற்குப் பிறகு அவர் சொன்ன அந்த ஏதோ ஒன்றைப் பிடிக்கப் பார்த்தாள். முதலெழுத்துக்கூடக் கிடைக்கவில்லை. இனிமேல் கிடைக்கவும் போவதில்லை.

வெளிச்சம் போகுமுன்னே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். மணி அடிக்காது என்று தெரிந்தவர்கள் கதவை விரலால் சுரண்டினார்கள். கிருஷிகன் தூரத்துப் பேர்கன் நகரிலிருந்து ரயில் ஏறிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தான். சப்பாத்துகள் நடைவழியில் குவிந்தன. மேல்மாடியிலிருந்து சிவநாயகி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ஐயோ ராணி! என்ரை தங்கச்சி! இந்த மனிசன் உன்னை விட்டிட்டுப் போட்டுதே!”

செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எழுந்தன. வினோஜாவின் தொண்டையிலிருந்தும் ஒரு சத்தம் கிளம்பியது. தாயின் தோளில் முகத்தைப் புதைத்து அதை வெளியே விடப் பார்த்தாள், எல்லாவற்றையும் சொல்லிக் கத்திவிடலாம்போல இருந்தது.

புஷ்பராணி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள்.

“மெள்ள, மெள்ள...” என்றாள், எல்லோரையும் பார்த்து. மற்றக் கை தன்பாட்டுக்கு நீண்டு படுக்கையறையைக் காட்டியது.

பெண்கள் எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கதவு திறந்துகிடந்தது. உள்ளே தடித்த கறுப்புத் திரை, விரித்தபடியே கிடந்த கட்டில், தலையணைக்குப் பக்கத்தில் ஒரு தைலப் போத்தல். புஷ்பராணியின் கை நீட்டியபடியே நின்றது. யாரும் அழவில்லை.

வினோஜா எழுந்து போனாள். கைப்பிடியைக் கீழே அமத்திப் பிடித்தபடி கதவைச் சாத்தி, மெல்லக் கையை விட்டாள்.