முன்மொழிந்தவர்

தாளை மெல்ல என் பக்கமாகத் திருப்புகிறார் அந்த அதிகாரி, மேசைக் கண்ணாடியின் மேல் அது வழுக்கிக்கொண்டு வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, இன்றைக்கும் பல் விளக்கும்போது வருகிறது, கோச்சிங் வகுப்பில் ரயில் கணக்குப் போடும்போது வருகிறது, முன்மொழிபவர் என்று அச்சடித்த இடத்தில் நீல மையில் என் பெயர், பெயருக்குப் பக்கத்தில் யாரும் கேட்காமலே நான் எழுதி வைத்த பி.எஸ்ஸி., இது உங்க கையெழுத்துதானாம்மா என்று கேட்கிறார், அதட்டல்கூட இல்லை, சீக்கிரம் முடிந்தால் டீ குடிக்கப் போகலாம் என்கிற குரல், எனக்கு இடது பக்கம் எப்சிபா அக்கா, அவள் புடவையில் ஷூவுக்குப் போடுகிற பசையின் வாசனை, எத்தனை தடவை துவைத்தாலும் போகாத வாசனை, எதிரே நாற்காலியில் கவுன்சிலர் தணிகாசலம், கதவருகே அப்பா, நான் வாயைத் திறக்கிறேன்.

வாயைத் திறக்க நான் என்றைக்குமே பயந்தவள் இல்லை, அதுதான் கேவலம். எங்கள் தெருவிலேயே வாய் நீளம் எனக்குத்தான், பஸ்ஸில் உரசினவனின் சட்டையைப் பிடித்தவள், ஹாஸ்டலில் புழு கிடந்த சாம்பாரைக் கிண்ணத்தோடு கொண்டுபோய் வார்டன் மேசையில் வைத்தவள், எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி, அப்படி என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது, அந்தச் சான்றிதழுக்காக அப்பாவும் நானும் தாலுகா ஆபீஸுக்கு நான்கு தடவை அலைந்தோம், ஐந்தாம் தடவை தணிகாசலம் கூட வந்தார், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இது நம்ம பொண்ணு சார் என்றார், அன்றைக்கே ஆயிற்று, நம்ம பொண்ணு, முதுகில் யாரோ கையை வைத்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி அந்தச் சொல் என்மேலேயே இருந்தது. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து பதினாலாவது வார்டுக்கு அவர்தான் கவுன்சிலர், பெண்கள் வார்டாக ஆன இரண்டு தடவை அவர் மனைவி கவுன்சிலர், அந்த அம்மாவை நாங்கள் ஒரு கூட்டத்திலும் பார்த்ததில்லை, கையெழுத்து மட்டும் அந்த அம்மாவுடையது. கட்சியோ ஏழைகளின் கட்சி, சுவரெல்லாம் சமத்துவம், ஆனால் பாலாற்றங்கரை ஓரம் கட்டின பெண்கள் கழிப்பிடத்தின் சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கியது, தொறந்து வுட்டா நாசம் பண்ணிடுவாளுங்க, உங்க நல்லதுக்குத்தாம்மா என்பார், தினமும் காலையில் ஒருத்தி போய் அவர் எழுந்து வரும்வரை வாசலில் நிற்க வேண்டும், நான் நின்றிருக்கிறேன், பன்னிரண்டு வயதில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாவாடையில் கறை பட்டிருக்குமோ என்று சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அவர் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே சாவியை நீட்டி, நல்லா படிக்கிறியாம்மா என்று கேட்டார், நான் நல்லா படிக்கிறேன் மாமா என்றேன்.

எப்சிபா அக்காவும் அதே கட்சிதான், மகளிரணி, ஒன்பது வருஷமாக ஷூ கம்பனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள், கொடி பிடித்தவள், ஊர்வலத்தில் கோஷம் போட்டுத் தொண்டை கட்டினவள், ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் என் காதருகே குனிந்து, ஏய், இந்தத் தடவ கவுன்சிலருக்கு நானே நின்னா இன்னாடி என்றாள், எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போதும் அந்த இடத்தைக் கடக்கும்போது சிலிர்க்கிறது, இல்லை, இப்போது சிலிர்ப்பது வேறு. சீட்டு கேட்டுக் கட்சிக்கு விருப்ப மனு போட்டோம், நான்தான் எழுதினேன், மாவட்ட ஆபீஸில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஐந்தும் ஆண்கள், உனக்கு அனுபவம் இன்னாம்மா கீது என்று நடுவில் இருந்தவர் கேட்டார், சாவி கேட்டு வாசல்ல நின்னு நின்னு கால் வலிச்ச அனுபவம் கீதுண்ணே என்றாள் அக்கா, ஒருவர் சிரித்துவிட்டார், சிரித்ததற்காக மற்றவர்கள் அவரைப் பார்த்தார்கள், பட்டியல் வந்தபோது பதினாலாவது வார்டு தணிகாசலம் என்றே இருந்தது. சரி சுயேச்சையா நிப்போம் என்றாள், கட்சியை விட்டு நீக்கிடுவாங்கக்கா என்றேன், நீக்கட்டும், கொடிக்கம்பமா நான், புடுங்கினா வுழறதுக்கு என்றாள்.

வேட்பு மனுவை முன்மொழிய அதே வார்டில் ஓட்டுள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அதற்காக அவள் வீட்டில் கூடினோம், ஒரு மதியம், பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அக்கா கட்டைவிரலை நீட்டிக்கொண்டு வந்தாள், நான் வெக்கிறேன்டி, கைநாட்டு வெச்சா அப்புறம் எவன் வந்து இல்லன்னுவான் என்றாள், நான் சிரித்தேன், ஐயோ நான் சிரித்தேன், இந்தக் காலத்துல கைநாட்டாக்கா, பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க, படிச்ச கையெழுத்தா இருக்கட்டும் என்றேன், அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள், விரலில் மை ஒன்றும் இல்லை, ஆனாலும் துடைத்துக்கொண்டாள். மனு நிரப்பித் தர வந்திருந்த வக்கீல் குமாஸ்தா, இன்னொருத்தர் முன்மொழிஞ்சு ரெண்டாவது செட் ஒண்ணு போட்டு வையுங்க, எதுக்கும் நல்லது என்றார், எதுக்கு சார், நான் என்ன ஓடியா போயிடுவேன் என்றேன், எல்லோரும் சிரித்தார்கள், எப்சிபா அக்கா என் தலையைத் தட்டினாள்.

மனுப் பரிசீலனை அன்று நகராட்சி ஆபீஸின் முதல் மாடி, தணிகாசலத்தின் ஆள் எழுந்து, முன்மொழிந்தவர் கையெழுத்துல சந்தேகம் இருக்கு சார் என்றான், அதிகாரி சலிப்போடு என்னைத் தேடினார், நான் நிமிர்ந்தேன், பதில் தயாராக இருந்தது, அப்போதுதான் கதவருகே அப்பாவைப் பார்த்தேன், அப்பா இந்த நகராட்சியில்தான் தண்ணீர்த் தொட்டி வால்வு திறக்கிற வேலை, பதினேழு வருஷமாகத் தற்காலிகம், தணிகாசலம் சொல்லிச் சேர்த்த வேலை, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்து நிற்கிறார், அந்த நிற்பை எனக்குத் தெரியும், தாலுகா ஆபீஸில் நின்ற நிற்பு, பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்க்கும்போது நின்ற நிற்பு, வேணாம்மா என்று கெஞ்சுகிறார், வயசான காலத்துல என் வேலைய எடுத்துடாதம்மா என்கிறார், அவர் வாயே திறக்கவில்லை, எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொண்டேன், திரும்பினால் தணிகாசலம், அவரும் ஒன்றும் சொல்லவில்லை, தாலுகா ஆபீஸில் பார்த்த மாதிரியே பார்த்தார், நம்ம பொண்ணு என்று, இது உங்க கையெழுத்துதானாம்மா, இல்ல சார் என்றேன். இல்ல சார். மரியாதையாக வேறு. ஏய் என்றாள் எப்சிபா அக்கா, அவ்வளவுதான் சொன்னாள், யாரோ தூக்கத்தில் இடித்துவிட்ட மாதிரி ஒரு ஏய், மனு தள்ளுபடி என்று எழுதினார்கள், நான் இல்லை என்றால் அதைப் போட்டது யார் என்கிற கேள்வி அறையில் நின்றது, எல்லாக் கண்ணும் அவள் பக்கம் போனது, அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, சத்தியமாக அந்த ஒரு நொடியில் யோசிக்கவே இல்லை, யோசிக்காததுதான் எனக்கு இன்னும் கூசுகிறது.

படிக்கட்டில் தணிகாசலம் என் பக்கத்தில் வந்தார், குரலைத் தாழ்த்தி, ஏம்மா, நான் சும்மாதான ஆட்சேபணை போடச் சொன்னேன், எல்லாத் தடவையும் எல்லார் மேலயும் போடறதுதான, நீ ஆமாம்னு சொல்லிட்டு போயிருப்பேன்னு இல்ல நெனைச்சேன் என்றார், அவருக்கே குழப்பம், கழுவுவதற்கு வாசல் வரைக்கும் கொண்டுவந்த எச்சில் கையை யாரோ தானாக வந்து நக்கிவிட்டுப் போன மாதிரி ஒரு முகம், சரி வுடு, நம்ம பொண்ணு என்றார். வீட்டுக்கு வந்தால் அப்பா சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார், உனக்காகத்தாம்பா என்றேன், எனக்காகவா என்றார், நான் உன்ன பாக்கத்தான்டி வந்தேன், எம்பொண்ணு கையெழுத்த ஆபீசர் எடுத்துப் பாக்கறத பாக்கலாம்னு சூப்பர்வைசர்கிட்ட அரைமணி நேரம் சொல்லிட்டு வந்தேன், நான் பயந்துக்கினு நின்னேன்னு உனக்கு யாரு சொன்னது, நீ கேட்டியா, கேட்டியாடி என்றார், அப்பா என்னை டி போட்டு அன்றைக்குத்தான் கூப்பிட்டார், பிறகு எழுந்து வால்வு திறக்கப் போய்விட்டார். நான் பட்டம் வாங்கினவள், அதனால் அப்பா கோழை என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன், ஒரு மனுஷன் பணிவாக நின்றால் அவனுக்குள் ஒன்றுமே இல்லை என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை.

எதிர்க்கட்சி வேட்பாளர் வாபஸ் வாங்கினார், அது வழக்கம்தான், தணிகாசலம் போட்டியில்லாமல் ஜெயித்தார், எங்கள் வார்டில் மட்டும் தேர்தலே இல்லை, சாவி அதே ஆணியில். அதற்குப் பிறகு கனவில் அந்தத் தாள் வருகிறது, நான் ஆமாம் என்று சொல்கிறேன், உரக்கச் சொல்கிறேன், அதிகாரி தலையாட்டுகிறார், எப்சிபா அக்கா என் தலையைத் தட்டுகிறாள், விழித்த பிறகும் ஒரு நிமிஷம் அது நடந்ததாகவே நம்பிக்கொண்டு கிடக்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

எப்சிபா அக்கா ஏறுகிற ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறிக்கொண்டிருந்தேன், மற்ற வார்டுகளில் ஓட்டுப்பதிவு முடிந்து வந்த திங்கட்கிழமை வகுப்பில் தேர்வு, நேரமாகிவிட்டது, ஏறிவிட்டேன், எதிரே அவள், மடியில் டிபன் பை, வெளியே பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பக்கத்தில் பதினைந்தாவது வார்டுக்காரம்மா ஒருத்தி, விரலில் மை, என் விரலைப் பார்த்து, இன்னாம்மா, படிச்ச புள்ள, ஓட்டு போடலியா என்றாள், எங்க வார்டுல தேர்தல் இல்லக்கா என்றேன், ஆங், பதினாலா, கேள்விப்பட்டேன், எவளோ ஷூ கம்பனிக்காரி கள்ளக் கையெழுத்து போட்டு மாட்டிக்கினாளாமே, நல்லா வேணும், ஆசையப் பாரு என்றாள், ஆட்டோக்காரர் சிரித்தார், எப்சிபா அக்கா பையின் காதை இறுக்கினாள், ஒன்பது வருஷம் தோல் தைத்த விரல்கள், மற்றபடி அசையவில்லை, கம்பனியிலும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இத்தனை நாளாக அவள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். அது கள்ளக் கையெழுத்து இல்லக்கா, என் கையெழுத்து, நான்தான் போட்டேன், நான்தான் இல்லன்னேன் என்றேன், குரல் பெரிதாகவே வந்தது, எப்சிபா அக்கா முதல் தடவையாக என்னைப் பார்த்தாள், எனக்குத் தெரியும்டி, நீ போடும்போது மைப்புட்டி மாதிரி பக்கத்துல நின்னவ நான், இத ஆட்டோல சொல்லி இன்னா ஆவப் போவுது, அடுத்த ஸ்டாப்பு நகராட்சிதான், எறங்கு என்றாள். ஆட்டோ நின்றது, எல்லோரும் முட்டியை ஒதுக்கி வழிவிட்டார்கள், அவள் மட்டும் ஒதுக்கவில்லை, அவள் முட்டியில் இடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

அதே முதல் மாடி, அதே மேசை, அதிகாரி இப்போது வரிக் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார், எல்லாம் முடிஞ்சிடுச்சேம்மா, இனிமே ஒண்ணும் மாறாது என்றார், தெரியும் சார், எழுதித் தரேன், வாங்கிக்குங்க என்றேன், அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், அரசாங்கப் பரீட்சை எழுதறியா, நாளைக்கு உன் மேலயே திரும்பும் என்றார், பிறகு இரக்கப்பட்டு, நல்ல மனுஷர்தான், நாற்காலியை முன்னால் இழுத்து, ஒண்ணு பண்ணு, யாரோ மிரட்டினாங்க, பயத்துல சொல்லிட்டேன்னு ஒரு வரி சேர்த்துடு, உனக்கு ஒண்ணும் வராது, ஊர்லயும் நம்புவாங்க என்றார். நம்புவார்கள், உடனே நம்புவார்கள், எப்சிபா அக்காகூட நம்பிவிடக்கூடும், தணிகாசலத்தின் ஆட்களும் அப்பாவின் வேலையும் நானும், எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது, பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யின் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு எழுதினேன், அது என் கையெழுத்து, எப்சிபா போட்டதல்ல, இல்லை என்று சொல்லச் சொல்லி என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. எழுந்து தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன், அவர் படித்தார், தொடவில்லை, விசிறிக் காற்றில் அது எழும்பியது, பறந்துவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், கடைசி வரியின் மை இன்னும் காயாமல் கையில் ஒட்டியது, வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க சார் என்றேன், நான் நின்றுகொண்டே இருக்கிறேன்.